14 அங்குலம் மேலே: சைதாப்பேட்டைச் சுமைதாங்கியை மறுபடி நிறுத்திய விவரம்

சைதாப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் சரிந்து கிடந்த சுமைதாங்கியை எடுத்து நிறுத்தியாயிற்று. ஒரு வடகிழக்குப் பருவமழையையும் தாண்டி நிற்கிறது. மழைக்கு முன்பே எழுதியிருந்தால் கடைசியில் சொல்லப்போகும் விஷயம் எனக்கே தெரிந்திருக்காது. இதே மாதிரிக் கற்கள் சென்னையைச் சுற்றிப் பழைய சாலை ஓரங்களில் சாய்ந்தும் புதைந்தும் இருக்கின்றன. எடுத்து நிறுத்த நினைப்பவர்களுக்கு அளவுகளும் செலவும் பயன்படட்டும் என்று முழுதாக எழுதுகிறேன்.

சுமைதாங்கியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டு வைத்த இரண்டு கல், அவற்றின் தலையில் படுக்கையாக ஒரு கல், அவ்வளவுதான். தலையில் கூடையோ மூட்டையோ சுமந்து வருகிறவர், தூக்கி இறக்க ஆள் இல்லாமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து மூச்சு வாங்கலாம். அப்புறம் அதே மாதிரி தலைக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் இதை நட்டு வைப்பது தமிழ்நாட்டு வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் எல்லோருடைய சுமையையும் இந்தக் கல் வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கேரளத்தில் இதை அத்தாணி என்பார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையில் சுமைதாங்கி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

எங்கள் கல் நிற்கும் இடத்துக்கு நியாயம் உண்டு. தெற்கிலிருந்து கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அடையாற்றைக் கடந்து ஏறும் கரை இது. 1726-ல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தன் சொந்தப் பணத்தில் இங்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிக் கொடுத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டியவரும் அவரே. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டு 1966-ல் வந்ததுதான் இன்றைய மறைமலையடிகள் பாலம். ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறியதும் கழுத்து கேட்பது ஓய்வைத்தான். நட்டவர்கள் இடம் பார்த்துத்தான் நட்டிருக்கிறார்கள்.

கல் விழுந்தது குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தால். கிழக்குக் காலை ஒட்டிப் பள்ளம் போனது. மூடும்போது மண்ணை இடிக்காமல் தள்ளி மூடிவிட்டார்கள். ஒரு மழையில் மண் இறங்க, கிழக்குக் கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. தூக்குக் குண்டு பிடித்தபோது உச்சிக்கும் அடிக்கும் 5 அங்குல வித்தியாசம். படுக்கைக் கல்லின் ஒரு முனை தரையில் இறங்கி, மூலை உடைந்து போயிருந்தது. மேற்குக் கால் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அது நேராக நின்றதால்தான் இந்த வேலையே சரியாக முடிந்தது.

தெருவில் முதலில் வந்த யோசனை கான்கிரீட். கட்டட மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்து, இருக்கிற மட்டத்திலேயே இரண்டு காலையும் கான்கிரீட்டில் நிறுத்தி, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டி, கம்பி வேலி போட 12,000 ரூபாய் ஆகும் என்றார். நாங்கள் செலவழித்ததில் இது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மேற்குக் காலின் உச்சியோடு படுக்கைக் கல்லின் கனத்தையும் சேர்த்து, ரோட்டிலிருந்து டேப் வைத்தால் 3 அடி 5 அங்குலம்தான் வந்தது. தலைச்சுமையோடு நிற்கிற ஆளுக்கு அது மார்புக்கும் கீழே. அந்த உயரத்துக்குச் சுமையை இறக்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். 30 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தால் எழுந்திருக்க முடியாது. இது உட்காருகிற திண்ணை இல்லை. இது ஒரு கருவி. கருவியின் அளவு தப்பாக இருந்தால் அதை நிறுத்தியும் பயனில்லை.

சரி, உண்மையான உயரம் என்ன? அதற்காக மேற்குக் காலை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு குழி வெட்டினோம். இந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேலே 3 அங்குலத் தார். அதற்குக் கீழே ஜல்லி. அப்புறம் இன்னொரு தார் அடுக்கு, கையால் உடைக்க வரும் அளவுக்கு நொய்ந்தது. அதன் அடியில் பழைய ஜல்லி, அதற்கும் கீழே செம்மண் கிராவல். சரியாக 14 அங்குலத்தில் குழியின் நிறம் மாறியது: கெட்டியாக மிதிபட்ட பழுப்பு மண், நடுநடுவே செங்கல் ஜல்லி. அதற்குப் பிறகு ஆற்று மணல் கலந்த இளகிய மண்.

கல்லைப் பார்த்தால் அங்கேயும் அதே கோடு. மேலே 3 அடி 11 அங்குலம் வரை உளியால் கொத்திச் சமன் செய்த முகம். அதற்குக் கீழே 2 அடி 4 அங்குலம், பாறையிலிருந்து பிளந்த முரட்டு முகம். மண்ணுக்குள் போகிற பகுதிக்கு யாரும் கூலி கொடுத்து உளி வேலை செய்ய மாட்டார்கள். உளி வேலை நின்ற கோடும் பழைய மண் தெரிந்த கோடும் ஒன்றாக இருந்தன. ஆக, நட்ட நாளில் தரை அங்கே இருந்திருக்கிறது. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் 14 அங்குலம் ஏறிவிட்டது. சென்னையில் வாசல்படி புதைந்த வீட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

படுக்கைக் கல் 8 அங்குலக் கனம். 3 அடி 11 அங்குலத்தோடு சேர்த்தால் மேல்மட்டம் 4 அடி 7 அங்குலம். இந்த எண் கிடைத்த பிறகும் ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தவர் பஜார் ரோட்டில் நீண்ட காலம் கீரை விற்ற ஓர் ஆயா. சுவரில் சாக்பீஸால் பல உயரங்களில் கோடு போட்டு, எந்த உயரம் தோதாக இருக்கும் என்று கேட்டேன். அவர் கோடுகளைப் பார்க்கவே இல்லை. வீட்டிலிருந்து கூடையையும் சும்மாட்டையும் எடுத்துவரச் சொல்லி, கூடையில் செங்கல் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். "தலைய விட்டு கொஞ்சம் கீழ இருந்தா போதும்பா. ஒரு முட்டி மடக்குனா கூட உக்காந்துக்கணும். ரொம்ப கீழ வச்சா எறக்கிடலாம், யாரு தூக்கி வுடறது?" என்றார். அவர் கை வைத்துக் காட்டிய இடத்தில் டேப் பிடித்தால் 4 அடி 6 அங்குலம். ஆயாவின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. கல்லை 14 அங்குலம் உயர்த்தி நிறுத்துவது என்று முடிவானது.

கல் நிற்பது மாநகராட்சி இடம். மண்டல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, ரோட்டை வெட்டவும் திரும்ப மூடவும் அனுமதி வாங்கினோம். மனுவோடு குழியின் புகைப்படத்தையும் அளவு வரைபடத்தையும் வைத்தது நல்லதாகப் போயிற்று. கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர்கள் தெருவில் உண்டு. அவர்களிடம் முதலிலேயே சொல்லி, அவர்களே தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்தார்கள். கல்தச்சர் மாமல்லபுரத்துக்காரர். வந்ததும் உடைந்த மூலையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "பல்லாவரத்துக் கல்லு சார். இதுல உளி போட்டா கை எரியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுப்பு. புவியியலில் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல்லும் சென்னைப் பக்கத்துக் கல்லும் ஒரே வகை என்று பார்த்து, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சார்னாக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். பல்லாவரமும் பரங்கிமலையும் அந்தக் கல்லுக்கு உலகப் புகழ் பெற்ற இடங்கள். எங்கள் வேலையைப் பொறுத்தவரை இதில் இரண்டு விஷயம். ஒன்று, தண்ணீரையோ சாயத்தையோ இந்தக் கல் உள்ளே இழுக்காது. பெயின்ட் மேலோடு நிற்கும். இரண்டு, எடை அதிகம். ஒரு கன அடிக்குக் குறைந்தது 76 கிலோ. படுக்கைக் கல் 6 அடி நீளம், 1 அடி 3 அங்குல அகலம், 8 அங்குலக் கனம். கிட்டத்தட்ட 380 கிலோ. கால் ஒவ்வொன்றும் 6 அடி 3 அங்குலம், 1 அடிக்கு 9 அங்குலம். சுமார் 355 கிலோ.

படுக்கைக் கல்லை இறக்கி மரக்கட்டைகளின் மேல் கிடத்திய பிறகு முதல் வேலை பெயின்ட் எடுப்பது. சுண்ணாம்பு, அதன்மேல் டிஸ்டெம்பர், அதன்மேல் தேர்தலுக்குத் தேர்தல் அடித்த எனாமல். கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டித் தேய்த்தால் அரை மணியில் போய்விடும் என்று பலர் சொன்னார்கள். அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்தோம். பெயின்டும் போனது, உளிக் கொத்தின் முனைகளும் மழுங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. அதோடு அதை விட்டோம். ஆசிட் பக்கமே போகவில்லை. எனாமலுக்குப் பெயின்ட் நீக்கும் ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, 20 நிமிடம் விட்டு, மூங்கில் சீவலால் வழித்தோம். கையுறையும் முகக் கவசமும் கட்டாயம். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சுண்ணாம்புக்கு ஈரச்சாக்கு சுற்றி இரவு முழுக்க ஊற வைத்தாலே போதும், காலையில் நார் பிரஷுக்கு வந்துவிடுகிறது. மெதுவான வேலை. ஆனால் இந்த வேலையில்தான் எழுத்து வந்தது.

கல்லின் முன்முகத்தில், உடைந்த மூலையிலிருந்து தொடங்கி ஒரே வரி. பகலில் ஏதோ கீறல் மாதிரிதான் தெரிந்தது. இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்துகள் எழும்பி நின்றன. கல்வெட்டுத் துறையில் படித்த நண்பர் ஒருவர் மைப்படி எடுத்துக் கொடுத்தார். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, கொஞ்சம் காய்ந்ததும் மை ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளத்தில் போன இடம் வெள்ளையாக நிற்கும். மூலையோடு முதல் எழுத்துகள் போய்விட்டன. மிச்சம் இருப்பது: "…அம்மாள் ஞாபகம் ௲௮௱௬௰௮ விபவ வருஷம்". வட்டெழுத்து என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது தமிழ் எண்தான். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆக 1868. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விபவ, 1868 சித்திரையில் தொடங்கியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

அந்த ஆண்டைச் சுற்றி இந்த ஊர் எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்தேன். சைதாப்பேட்டை அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடம். பின்னாளில் கோயம்புத்தூருக்குப் போய் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்த பள்ளி, அதே 1868-ல்தான் இங்கே வேர்விட்டது. ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கி 12 ஆண்டு ஆகியிருந்தது, ஆனால் அது மேற்கே ஆற்காட்டுப் பக்கம் போனது. தெற்குச் சாலை அப்போதும் மாட்டு வண்டிக்கும் மனிதத் தலைக்கும்தான். புழல் ஏரித் தண்ணீர் பட்டணத்துக்கு வர இன்னும் 4 ஆண்டு இருந்தது. எட்டாம் ஆண்டில் தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்காகப் பட்டணத்தை நோக்கி வந்தவர்கள் எத்தனை பேர் இந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பார்கள்! அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை வெட்டியதும் அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த கைகள்தான். இவ்வளவையும் பார்த்த கல்லில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. மூலை உடைந்த துண்டு, பள்ளம் மூடிய இடிபாட்டோடு லாரியில் போயிருக்க வேண்டும். கிழக்குப் பக்கத்து மண்ணைச் சலித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் விழுந்தால், மற்ற எதற்கும் முன்னால் சுற்றிக் கிடக்கும் சில்லுகளை ஒரு சாக்கில் அள்ளி வையுங்கள்.

இனி தூக்கும் வேலை. 12 அடி இரும்பு முக்காலி, 1 டன் தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), 2 டன் நைலான் பெல்ட். கல்லில் சங்கிலியை நேராகச் சுற்றக் கூடாது. விளிம்பு சில்லாகத் தெறிக்கும். பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே சாக்கு மடித்து வைத்தோம். தெருவில் குறுக்கே போகும் கேபிள் வயர்களை முன்கூட்டியே விலக்கச் சொல்ல வேண்டும், முக்காலி உச்சி அங்கேதான் போகும். மின்கம்பி இருந்தால் அந்தப் பக்கமே முக்காலி வேண்டாம். முதலில் முக்காலியைக் குழியைச் சுற்றி நேராக மண்ணில் ஊன்றினோம். கல்லின் எடை ஏறியதுமே முக்காலியின் கிழக்குக் காலின் அடி, அதே மூடிய பள்ளத்தின் மேல், அரை அடி இறங்கியது. கல் தரையிலிருந்து ஒரு சாண்தான் எழும்பியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இறக்கிவிட்டு, முக்காலியின் மூன்று காலுக்கும் அடியில் 3 அங்குலக் கனப் பலகை போட்டு, கால்கள் விரியாதபடி அடியில் மூன்றையும் கயிற்றால் இணைத்துக் கட்டிய பிறகு அசையவில்லை.

குழியின் அடியை உயர்த்துவதுதான் இந்த வேலையின் உயிர். முன்பு கால் நின்ற ஆழத்திலிருந்து 14 அங்குலம் நிரப்ப வேண்டும். அதில் கான்கிரீட் போடவில்லை. ரோடு இனியும் ஏறும். அப்போது எங்களுக்குப் பின் வருகிறவர்கள் இதை உடைக்காமல் இன்னொரு முறை தூக்க வேண்டும். 40 மில்லி ஜல்லியும் கல்தூளும் கலந்து, 4 அங்குலம் 4 அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரும்புத் திமிசு வைத்து இடித்தோம். திமிசு எகிறித் திரும்புகிற வரை இடிக்க வேண்டும். சத்தமே மாறும், தொப் தொப் என்பது டங் டங் என்று வரும். அதன் மேல் ஒவ்வொரு காலுக்கும் 2 அங்குலக் கனத்தில் ஒரு பலகைக் கல். வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் பழைய வாசல்படிக் கல்லாகவே கிடைத்தது; புதுக் கல் வாங்க வேண்டியதில்லை. பலகைக் கல்லின் கனத்தையும் 14 அங்குலத்துக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும்.

மேற்குக் காலை முதலில் இறக்கி, நான்கு பக்கமும் தூக்குக் குண்டு பார்த்து, சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்தோம். கிழக்குக் காலை அதற்கு ஒத்து, 3 அடி 6 அங்குல இடைவெளியில். இரண்டு உச்சிகளும் ஒரே மட்டமா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூப்தான் சரி. கால்களைச் சுற்றிக் கைக்கு அடங்கும் கருங்கல் துண்டுகளை ஆப்பாகச் செருகி, இடையில் கல்தூள் போட்டு, கடப்பாரையால் குத்திக் குத்தி இறுக்கினோம். முட்டுக் கழிகளை எடுத்துவிட்டு இரண்டு ஆள் தள்ளினாலும் ஆடவில்லை.

பழைய ஆட்கள் காலின் உச்சியில் ஒன்றரை அங்குல முளை விட்டு, படுக்கைக் கல்லின் அடியில் அதற்கான குழி வெட்டியிருந்தார்கள். அந்தப் பொருத்தத்தில் சாந்தே இல்லை; எடைதான் பிடித்திருந்தது. கிழக்கு முளை பாதி உடைந்திருந்தது. இரும்பு முளை வைத்தால் துருவேறி வீங்கிக் கல்லைப் பிளக்கும் என்பதால், 20 மில்லி 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியில் 5 அங்குலம் வெட்டி, காலில் 3 அங்குலம் துளைத்து நட்டோம். அந்த 3 அங்குலத் துளைக்கு இரண்டு பிட் தேய்ந்து போனது.

மட்டம் சரிசெய்ய மெல்லிசாகச் சாந்து தேவைப்பட்டது. மூட்டைச் சுண்ணாம்பு வாங்கிக் கலந்ததில் முதல் சாந்து இறுகவே இல்லை. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. கடையில் நாளானதால் மூட்டைக்குள்ளேயே காற்றுப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு அது. அதை வழித்துவிட்டு, சுட்ட கிளிஞ்சலை வாங்கி நாங்களே நீற்றி, தண்ணீருக்கு அடியில் இரண்டு வாரம் வைத்துப் பயன்படுத்தினோம். சுண்ணாம்பு 1, சலித்த செங்கல் தூள் 1, மணல் 1. குழைக்க, நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். இதற்கு ஈரச்சாக்கு போட்டு மூடி வைப்பது முக்கியம். நாங்கள் செய்தது சித்திரை வெயிலில். காலையும் மாலையும் நனைக்காவிட்டால் இறுகுவதற்கு முன் காய்ந்து வெடித்துவிடும். பங்குனித் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருந்தால் இன்னும் சுலபம்.

படுக்கைக் கல் ஏறி உட்கார்ந்ததும் டேப் பிடித்தோம். மேற்கில் 4 அடி 7, கிழக்கில் 4 அடி 7. இரண்டு பக்கமும் கல் 6 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பழைய மாதிரியே. ஆயா அதே செங்கல் கூடையோடு வந்து நின்று, ஒரு முழங்கால் மடக்கி, கூடையை உட்கார வைத்தார். திரும்ப எடுத்துக்கொண்டார். "இப்ப சரியா கீது" என்றார்.

செலவு: முக்காலி, செயின் பிளாக் வாடகை 2,400. கல்தச்சர் கூலி 9,000. உதவியாட்கள் 8,000. ஜல்லி, கல்தூள் 3,600. பழைய வாசல்படிக் கற்கள் 3,000. சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காய், வெல்லம் 1,900. ஸ்டெயின்லெஸ் முளை 700. பெயின்ட் நீக்கி, பிரஷ், கையுறை 2,300. வெட்டிய ரோட்டை மூடியதற்கு 4,500. மொத்தம் 35,400 ரூபாய். தெருவில் வீட்டுக்கு வீடு போட்ட பணம். கல்தச்சர் கடைசி நாள் கூலியை வாங்க மறுத்துவிட்டார். அது கணக்கில் இல்லை.

மழை ஓய்ந்ததும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மேற்கு அசையவில்லை. கிழக்கு முனை 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கால் நேராகத்தான் நிற்கிறது, சாந்தில் வெடிப்பு இல்லை. காரணம், குழாய்ப் பள்ளத்தின் பக்கவாட்டு மண். எங்கள் குழியின் அடியை இடித்துக் கெட்டியாக்கினோம். ஒட்டியிருந்த பள்ளத்தை யாரும் இடிக்கவில்லை. அடுத்த மழை வரை அளவு பார்த்துவிட்டு, இன்னும் இறங்கினால் கிழக்குக் காலை மட்டும் தூக்கி அடியில் கல்தூள் சேர்ப்போம். கான்கிரீட் இல்லாததால் அது அரை நாள் வேலை.

அடுத்த கல்லுக்கு நான் மாற்றப்போவது: இரண்டு காலுக்கும் தனித்தனிப் பலகைக் கல் வேண்டாம், குறுக்கே 5 அடி நீளத்தில் ஒரே அடிக்கல், இறங்கினாலும் சேர்ந்தே இறங்கும். பக்கத்தில் பள்ளம் போயிருந்தால் அதையும் 3 அடி தூரத்துக்குத் திறந்து இடித்து மூடுவது. சுண்ணாம்பை வேலைக்கு ஒரு மாதம் முன்பே நீற்றி வைப்பது. இன்னொன்றும் உண்டு: கால்களின் உள்பக்கத்தில், ரோட்டு மட்டம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு விரல் நீளத்துக்கு உளியால் மெல்லிய கோடு போடச் சொல்லியிருக்கிறேன். உளி வேலை நின்ற பழைய கோடும் அதுவும் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றன. ரோடு அந்தக் கோட்டை மூடினால் கல்லை மறுபடி தூக்க வேண்டும் என்று அர்த்தம். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.